சாம்பிராணிப் புகை காட்டிய வழி: காருக்கு அடித்தகடு செய்த அனுபவம்

போன ஜூன் பள்ளி விடுமுறையில் ஒரு சனிக்கிழமை, சிங்கப்பூரிலிருந்து மலேசியாவின் ஜொகூர் பாருவில் இருக்கும் ராஜகாளியம்மன் கண்ணாடிக் கோயிலுக்குக் காரில் கிளம்பினோம். நான், மனைவி, பதினைந்து வயது மகள், மனைவியின் சித்தப்பா (எனக்கு மாமா). இரண்டு நாட்டையும் இணைக்கும் கடற்பாலம் ஒரு கிலோமீட்டரை ஒட்டிய நீளம்தான். ஆனால் அன்றைக்கு உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியைக் கடந்து அதில் ஏறவே ஒன்றரை மணி நேரமாகிவிட்டது. வண்டி பத்தடி நகரும், ஐந்து நிமிடம் நிற்கும். அரை மணி நேரத்திலேயே ஏசியில் குளிர் போய்விட்டது. அப்புறம் வெறும் காற்று வந்தது. கொஞ்ச நேரத்தில் அதுவும் சூடாகிவிட்டது.

டேஷ்போர்டு முள் நடுவிலேயே நின்றது. அதை நம்பி நிம்மதியாக இருக்க முடியாது. சூடு கணிசமாக ஏறி இறங்கினாலும் முள் நடுவிலேயே நிற்கும்படிதான் பல கார்களில் அமைத்திருக்கிறார்கள். நான் ஓபிடி சாக்கெட்டில், அதாவது காரின் கணினித் தகவலைப் படிக்கும் துளையில், ஒரு சின்ன ரீடர் செருகி வைத்திருந்தேன். மகளிடம் போனைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். கூலன்ட், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் நீர்மம், 103 டிகிரி. ஏசியை அணைத்துக் கண்ணாடிகளை இறக்கினோம். இரண்டு பக்கமும் லாரிப் புகை. பின் சீட்டில் அறுபத்தெட்டு வயது மாமா சட்டை நனைய உட்கார்ந்திருந்தார், ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் ஏதாவது சொல்லியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வருத்தமாக இருந்திருக்காது.

இது 2012-ல் பதிவான 1.6 லிட்டர் ஜப்பானிய செடான். 2022-ல் சிஓஇயை, அதாவது சிங்கப்பூரில் கார் வைத்திருக்கக் காசு கட்டி வாங்க வேண்டிய உரிமைச் சான்றிதழை, பத்து ஆண்டுக்குப் புதுப்பித்தேன். அந்தப் பணத்தைக் கட்டிய பிறகு வண்டியைப் பாதியில் கைவிட யாருக்கும் மனம் வராது. அதனால் இந்தச் சூட்டுப் பிரச்சினையை ஓராண்டாகவே துரத்திக்கொண்டிருந்தேன். தெர்மோஸ்டாட் மாற்றினேன், ரேடியேட்டர் மூடி மாற்றினேன், கூலன்ட்டைக் கழுவி ஊற்றினேன், ஏசி கேஸ் நிரப்பினேன், விசிறி மோட்டாரும் புதுசு. 900 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை போய்விட்டது. ஒவ்வொரு முறையும் ஒரு வாரம் நன்றாக இருப்பதுபோல் தோன்றும். அடுத்த நெரிசலில் பழைய கதைதான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, புளோக்குக்குக் கீழே கார்பேட்டையில் மாமா வண்டிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். அவரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து எண்பதுகளின் தொடக்கத்தில் சிங்கப்பூர் வந்தவர். முப்பது வருஷத்துக்கு மேல் அவருக்கு டக்ட் வேலைதான். அலுவலகங்களிலும் கடைத்தொகுதிகளிலும் கூரைக்கு மேலே மறைந்து ஓடுகிற ஏசிக் காற்றுக்குழாய்களைத் தகட்டில் வெட்டி, மடித்து, மாட்டுவது. கார் ஓட்டத் தெரியாது. பானெட்டைத் திறந்தால் எது ஆல்டர்னேட்டர் என்று கேட்பார். ஆனால் காற்றும் தகடும் அவருக்குத் தெரிந்த அளவுக்கு எனக்குத் தெரிந்த எந்த மெக்கானிக்குக்கும் தெரியாது.

பம்பருக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “மாப்ள, இங்க ஒரு மூடி இருந்திருக்குமே, எங்க?”

இருந்தது. எஞ்சினுக்கு அடியில் பம்பரிலிருந்து பின்னால் வரை போகும் கறுப்பு பிளாஸ்டிக் அண்டர்கவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு வேகத்தடையில் உரசி அதன் முன்பக்கம் கிழிந்தது. அடுத்த ஆயில் மாற்றத்தின்போது ஒரு ஒர்க்‌ஷாப்பில் அதைக் கழற்றினார்கள், திரும்ப மாட்டவில்லை. என்னிடமும் சொல்லவில்லை. நானும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சேறும் கல்லும் படாமல் காக்கிற மூடி என்றுதான் அன்றைக்கு நினைத்திருந்தேன். சிங்கப்பூர்ச் சாலையில் ஏது சேறு?

மாமா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “காத்து வர்ற எடத்தப் பாக்காத. போற எடத்தப் பாரு. போக வழி இருந்தா வர்றது தானா வரும்.”

இதற்குள் இருக்கும் கணக்கு பிறகுதான் எனக்குப் புரிந்தது. ரேடியேட்டருக்குள் காற்றைத் தள்ளுவது வேகம் அல்ல, முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசம். வண்டி ஓடும்போது கிரில்லுக்கு முன்னால் அழுத்தம் கூடும். ரேடியேட்டருக்குப் பின்னால், எஞ்சின் அறையில், அழுத்தம் குறைவாக இருந்தால்தான் காற்று ஊடுருவிப் போகும். அண்டர்கவர் இல்லாவிட்டால் பம்பருக்கு அடியில் போகிற காற்று எந்தத் தடையுமின்றி எஞ்சின் அறைக்குள் ஏறிவிடும். பின்பக்க அழுத்தமும் கூடிவிடும். முன்னும் பின்னும் சமமாகிவிட்டால் காற்று எதற்காக ரேடியேட்டரின் நெருக்கமான துடுப்புகளுக்குள் (மெல்லிய தகடுகளுக்குள்) நுழைந்து கஷ்டப்பட வேண்டும்? சுற்றிக்கொண்டு போய்விடும்.

நெரிசலில் நிற்கும்போது நடப்பது வேறு. அப்போது விசிறி மட்டும்தான் இழுக்கிறது. விசிறி துப்புகிற சூடான காற்று கீழே இறங்கி, பம்பருக்கு அடியில் இருக்கும் இடைவெளி வழியாக முன்பக்கம் வந்து, திரும்பவும் கண்டென்சருக்குள், அதாவது ஏசியின் சூட்டை வெளியே விடும் பாகத்துக்குள், நுழைகிறது. தன் மூச்சையே தான் இழுக்கிற மாதிரி. ஏசி கண்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னால் இருப்பதால் முதல் அடி அதற்குத்தான். கூலன்ட் சூடேறுவதற்கு முன்பே ஏசி குளிர் போனதற்கு அதுவே காரணம்.

இதை மாமா வாயால் சொன்னதோடு விடவில்லை. காட்டினார். நண்பர் ஒருவருக்கு காக்கி புக்கிட்டில் ஒர்க்‌ஷாப் இருக்கிறது. ஞாயிறு மதியம் அவரிடம் லிஃப்டுக்கு வாடகை கொடுத்து வண்டியைக் கொண்டுபோனோம். இந்த மாதிரி வேலையைக் கார்பேட்டையில் ஜாக்கி வைத்துப் பார்க்கவே கூடாது. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுப்பது உயிரோடு விளையாடுவது. முதலில் எங்கும் பெட்ரோல், ஆயில் கசிவு இல்லையென்று பார்த்துக்கொண்டோம். தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில். எஞ்சினை ஓடவிட்டு, ஏசியை முழுக்கத் திருப்பி, விசிறி சுற்ற ஆரம்பித்ததும் மாமா தூபக்காலில் சாம்பிராணி போட்டு, பம்பரின் கீழ் உதட்டுக்குச் சற்றுப் பின்னால் பிடித்தார். “ஊதுபத்திப் புகை போதாது, சாம்பிராணிதான் கண்ணுக்குத் தெரியும்” என்று சொல்லி வீட்டிலிருந்தே எடுத்து வந்திருந்தார்.

புகை பின்னால் போகவில்லை. முன்னால் வந்தது. பம்பரின் உதட்டைச் சுற்றி மேலேறி, கிரில்லுக்குள் புகுந்து காணாமல் போனது. நான் இந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் 900 வெள்ளியும் ஓராண்டும் செலவழித்திருக்கிறேன் என்று தோன்றியது. சமையலறை வெப்பமானியின் கம்பியைக் கண்டென்சருக்கு முன்னால் தொங்கவிட்டோம். வெளியே 32 டிகிரி. கண்டென்சரின் மேல் பாதிக்கு முன்னால் 36. கீழ்ப்பாதிக்கு முன்னால் 46.

யாராவது இதே பிரச்சினையோடு இருந்தால், எதையும் வாங்கும் முன் இந்த இரண்டையும் செய்து பார்க்கச் சொல்வேன்: புகையும் வெப்பமானியும். கீழ்ப்பாதிக் காற்று வெளிக்காற்றைவிடப் பத்து டிகிரி கூடுதல் என்றால் எந்தப் புதிய பாகமும் உதவாது. அதே சமயம், விசிறியே சுற்றவில்லை, கூலன்ட் குறைகிறது, துடுப்பு நிறைய இலையும் பூச்சியும் அடைத்திருக்கிறது என்றால் தகடு செய்து பயனில்லை. அவற்றை முதலில் சரி செய்ய வேண்டும்.

புது அண்டர்கவர் விசாரித்தேன். என் மாடலுக்குக் கையிருப்பில் இல்லை என்றார்கள். பழைய பாகங்கள் விற்கும் இடத்தில் கிடைத்தது என்னுடையதைவிடக் கிழிந்திருந்தது. “செஞ்சுடலாம் மாப்ள” என்றார் மாமா. அதைச் சொன்னபோது அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் பல நாளாகப் பார்த்ததில்லை. ஓய்வுபெற்ற பிறகு அவருடைய ஸ்னிப்பும் (தகடு வெட்டும் கத்தரி) மரச்சுத்தியும் கட்டிலுக்கு அடியில் பெட்டியில் கிடந்தன.

அட்டையில்தான் தொடங்கினோம். வாஷிங் மெஷின் வந்த பெட்டியைப் பிரித்து, வண்டிக்கு அடியில் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக நறுக்கினோம். போல்ட் வரும் இடங்களைக் குறிக்க மாமா ஒரு வழி வைத்திருந்தார். ஒவ்வொரு போல்ட் தலையிலும் கண்மையைத் தடவி, அட்டையை மேலே அழுத்தினால் சரியான இடத்தில் கறுப்புப் புள்ளி விழும். டேப்பால் அளந்து எழுதுவதைவிட இது துல்லியம். அடியில் எதுவும் ஒரே மட்டத்தில் இருக்காது என்பதால் அளவு எடுத்தவன் ஏமாறுவான். அட்டை வேலைக்கே ஒரு முழு மதியம் ஆனது. அது வீணான நேரமில்லை. அட்டையில் வந்த தவறு இரண்டு நிமிடத்தில் சரியாகும். தகட்டில் வந்தால் தகடே போகும்.

எந்தத் தகடு என்பதில் எனக்கும் மாமாவுக்கும் விவாதம் வந்தது. நான் விளம்பரப் பலகைகளுக்குப் போடும் நெளி பிளாஸ்டிக் பலகையைச் சொன்னேன். மலிவு, எடை இல்லை, கத்தியால் வெட்டலாம். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. எஞ்சினின் பின்பக்கம் புகைக்குழாய் இறங்குகிறது. அந்தச் சூட்டில் பிளாஸ்டிக் தொய்ந்துவிடும், குழாயைத் தொட்டால் உருகும். அவர் சொன்னது சரி. நடுவில் பிளாஸ்டிக் வைத்த அலுமினியக் கூட்டுப் பலகைக்கும் இதே குறை உண்டு. கடைசியில் 5052 ரக அலுமினியம், 1.5 மி.மீ. கனம். இந்த ரகம் மடித்தால் விரிசல் விடாது, ஈரத்தையும் உப்பையும் தாங்கும். 6061 ரகம் இன்னும் உறுதி என்று கடையில் சொல்வார்கள். ஆனால் கெட்டிப்படுத்திய 6061-ஐக் கூர்மையாக மடித்தால் மடிப்பிலேயே பிளக்கும். 900-க்கு 600 மி.மீ. தகடு, எடை சுமார் 2.2 கிலோ.

சுங்கை காடுட்டில் மாமா முன்பு வேலை பார்த்த பட்டறையில் மடித்துக்கொடுத்தார்கள். தட்டையான தகடு காற்றில் பறை மாதிரி அதிரும். டக்ட்காரர்கள் பெரிய தகடுகளில் மூலைக்கு மூலை பெருக்கல் குறி போல ஒரு மெல்லிய மடிப்பு விடுவார்கள், அதிர்வு நிற்பதற்கு. அதையே எங்கள் தகட்டிலும் விட்டார் மாமா. இன்றுவரை வண்டியில் ஒரு சத்தம் இல்லை.

ஆனால் முதல் தகடு தோற்றது. அதைத்தான் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த இடத்தில் பலரும் தவறுவார்கள் என்று நினைக்கிறேன்.

நான் பிடிவாதமாக முழுக்க மூடச் சொன்னேன். பம்பரிலிருந்து பின்னால் சப்ஃபிரேம் (எஞ்சினைத் தாங்கும் அடிச்சட்டம்) வரை, இடதுவலது சக்கர மறைப்பு வரை, ஒரு ஓட்டை இல்லாமல். கீழே எவ்வளவு வழவழப்போ அவ்வளவு நல்லது என்று படித்திருந்தேன். மாமா, “போக வழி எங்க?” என்று கேட்டார். பின்னால் சுரங்கம் போன்ற பள்ளம் இருக்கிறது, அது போதும் என்றேன். அவர் மேற்கொண்டு வாதாடவில்லை. மாப்பிள்ளை சொல்லை மறுக்கக் கூடாது என்ற அவருடைய பழக்கம் அன்றைக்கு எங்கள் இருவருக்கும் நஷ்டமாக முடிந்தது.

சாம்பிராணிச் சோதனையில் முன்பக்கக் கசிவு நின்றிருந்தது. கண்டென்சருக்கு முன்னால் காற்றும் குளிர்ந்திருந்தது. எனக்கு மகிழ்ச்சி. ஆனால் இருபது நிமிடம் நின்றபடி ஓடவிட்டால் கூலன்ட் 104. விசிறி நிற்கவே இல்லை. பானெட்டின் மேல் கை வைக்க முடியவில்லை. சூடான காற்றுக்கு வெளியே போகப் போதுமான வழி இல்லை. உள்ளே அழுத்தம் ஏறி, விசிறி தள்ளுவது பாதியாகக் குறைந்திருந்தது.

இனி கண்ணால் பார்த்து முடிவு செய்யக் கூடாது, அளக்க வேண்டும் என்று அப்போதுதான் எனக்குப் பட்டது. அளவுமானி செய்தது மகள். மீன்தொட்டிக்கு வாங்கும் ஒளிபுகும் சன்னக் குழாய், ஒரு பலகை, உணவு வண்ணம் கலந்த தண்ணீர். பள்ளி இயற்பியலில் வரும் மனோமீட்டர்தான், இரண்டு இடங்களின் அழுத்த வித்தியாசத்தைத் தண்ணீர் மட்டத்தில் காட்டும் கருவி. ஒரு முனை கிரில்லுக்கும் கண்டென்சருக்கும் நடுவில், மறு முனை விசிறிக்குப் பின்னால். இரண்டு முனையிலும் சிறு பஞ்சுத் துண்டு, காற்று நேராக ஊதிக் கணக்கைக் கெடுக்காமலிருக்க. குழாய்கள் பானெட் ஓரமாக வந்து, பயணி பக்கக் கண்ணாடி இடுக்கு வழியாக உள்ளே.

80 கி.மீ. வேகத்தில் முன்னால் மோதும் காற்றின் முழு அழுத்தமே சுமார் 30 மி.மீ. தண்ணீர் உயரம்தான். 40-ல் ஓடினால் அதில் கால்பங்கு. வேகம் பாதியானால் அழுத்தம் நாலில் ஒன்றாகிவிடும். இவ்வளவு சிறிய உயரத்தைக் குலுங்கும் காரில் படிக்க முடியாது. அதனால் மகள் குழாயைச் சரிவாகக் கட்டினாள், உயரத்தில் 1 மி.மீ. ஏறினால் குழாயில் தண்ணீர் 5 மி.மீ. நகர்கிற மாதிரி. சரிவு வண்டியின் குறுக்குவாட்டில் இருக்க வேண்டும். நீளவாட்டில் வைத்தால் பிரேக் பிடிக்கும்போதும் வேகம் எடுக்கும்போதும் தண்ணீர் தானாக ஆடும். முதல் முறை நாங்கள் அப்படி வைத்து ஒரு காலையை இழந்தோம்.

ஞாயிறு அதிகாலை, சிலேத்தார் விரைவுச்சாலை. நான் ஓட்டுவது மட்டும், மகள் படிப்பது மட்டும். ஓட்டுபவர் அளவுமானியை எட்டிக்கூடப் பார்க்கக் கூடாது. ஒரே நேரான பகுதி, ஒரே 80, இரண்டு திசையிலும் மும்மூன்று முறை, காற்றும் சாலையின் ஏற்ற இறக்கமும் ஈடாவதற்கு. தகடு இல்லாமல் சராசரி 9 மி.மீ. முழுக்க மூடிய தகட்டோடு 6. மூடி இல்லாததைவிட மோசம். மகள் அந்த எண்ணை இரண்டு முறை வாசித்தாள். நான் மாமாவுக்குப் போன் செய்து, நீங்கள் சொன்னதுதான் சரி என்றேன். “சாயங்காலம் ஸ்னிப்ப எடுத்துட்டு வர்றேன்” என்றார், வேறு எதுவும் சொல்லவில்லை.

இரண்டாவது வடிவம் அவர் மனதில் ஏற்கெனவே இருந்திருக்கிறது. தகட்டின் பின்பகுதியைக் குறுக்கே வெட்டி, எஞ்சினின் பின்பக்கம், புகைக்குழாய் இறங்கும் இடத்தை ஒட்டி, வண்டியின் அகலத்துக்கு ஏறக்குறைய ஒரு சாண் திறப்பு விட்டார். வெட்டிய ஓரத்தைக் கீழ்நோக்கிச் சாய்வாக மடித்து, அதில் 30 மி.மீ. ரப்பர்ப் பட்டை. அடியில் ஓடும் காற்று இந்தப் பட்டையில் பட்டுக் கீழே விலகிப் போகும்போது அதன் பின்னால், திறப்புக்கு நேர் கீழே, அழுத்தம் குறையும். உள்ளிருக்கும் சூடான காற்றை அது இழுத்துக்கொள்ளும். பல கார்களில் முன் பம்பருக்கு அடியில் கம்பெனியே ஒரு ரப்பர்ப் பட்டை வைத்திருப்பதற்கும் காரணம் இதுதான். தகட்டை நீட்டியே மடிக்காமல் ரப்பர் போட்டதற்குக் காரணம் நம்முடைய அடுக்குமாடிக் கார்பேட்டைகளின் சரிவுகள். தகடு உரசினால் கோணும், ரப்பர் வளைந்து கொடுக்கும்.

முன் ஓரம் பம்பர் உதட்டுக்கு மேலே செருகியிருக்க வேண்டும், கீழே அல்ல. ஓடு வேய்வதற்கு உள்ள அதே நியாயம். எதிரே வரும் காற்றுக்குத் தகட்டின் விளிம்பு தெரியவே கூடாது. தெரிந்தால் வேகத்தில் அதைப் பிடித்து உரித்துவிடும். இந்த ஓரம் முழுக்கவும், ரேடியேட்டருக்கும் அதன் சட்டத்துக்கும் இடையே இரண்டு விரல் நுழையும்படி இருந்த பக்கவாட்டு இடைவெளிகளிலும், தண்ணீர் குடிக்காத வகை ஃபோம் பட்டை ஒட்டினோம். இந்தப் பட்டையின் விலை பன்னிரண்டு வெள்ளி. முழு வேலையிலும் செலவுக்கு மிஞ்சிய பலன் கொடுத்தது இது என்று சொல்லலாம். தகடு செய்ய வசதி இல்லாதவர்கள் இதை மட்டுமாவது செய்யலாம். கீழே விரிக்கும் தகட்டில் மட்டும் பஞ்சோ ஃபோமோ வேண்டாம். ஒரு நாள் ஆயில் சொட்டினால் அது ஊறி நிற்கும், பக்கத்திலேயே புகைக்குழாய்.

இடைவெளிகளைப் பற்றி: எஞ்சின் தன் மவுண்டில் அசையும். வண்டி நிற்கும்போது தகடு தொடாமல் இருப்பது போதாது. அசையும் பாகம் எதிலிருந்தும் 25 மி.மீ., புகைக்குழாயிலிருந்து 50 மி.மீ. என்று வைத்துக்கொண்டோம். ஒருவரை பிரேக்கில் வைத்து, கியரை டிரைவிலும் ரிவர்சிலும் மாற்றச் சொன்னால் எஞ்சின் எவ்வளவு ஆடுகிறது என்று பக்கவாட்டிலிருந்து தெரியும். வண்டி லிஃப்டில் இருக்கும்போது இதைச் செய்யக் கூடாது. தரையில், முன்னும் பின்னும் ஆள் இல்லாமல்.

இரும்பு போல்ட்டும் அலுமினியத் தகடும் ஈரத்தில் நேரடியாகத் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரித்துப் பொடியாகும். ஒவ்வொரு போல்ட்டுக்கும் நைலான் வாஷர் போட்டோம். தகட்டில் அங்கங்கே 8 மி.மீ. வடிகால் துளைகள். மழை பெய்து வண்டி ஒரு வாரம் நின்றால் மடிப்பில் தண்ணீர் தேங்கும். டெங்கி இருக்கும் ஊரில் கொசு முட்டையிட நாமே ஒரு தட்டு செய்து கொடுத்ததாகிவிடும். மாமா பால்கனிப் பூத்தொட்டித் தட்டுகளை எப்படிப் பார்ப்பாரோ அப்படியே இந்தத் தகட்டையும் பார்த்தார்.

ஆயில் வடிக்கும் இடத்துக்கும் ஃபில்டருக்கும் நேராக ஒரு சிறு கதவு, இரண்டே இரண்டு போல்ட். இதில் நான் உறுதியாக இருந்தேன். பழைய அண்டர்கவரைக் கழற்ற பதினான்கு கிளிப் பிடுங்க வேண்டும், அதில் பாதி உடையும். அவசரத்தில் இருக்கும் ஒரு மெக்கானிக் அதைத் திரும்ப மாட்டாமல் விட்டதில் எனக்குக் கோபம் உண்டு. என்றாலும், எளிதாகக் கழற்றி மாட்ட முடியாத பாகம் என்றைக்காவது ஒரு நாள் காணாமல்தான் போகும். நல்ல தகடு என்பதில் இதுவும் சேர்த்தி.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை. நிலப் போக்குவரத்து ஆணையம் வண்டியில் செய்யும் மாற்றங்களை அனுமதி தேவையில்லாதவை, அனுமதி தேவையானவை, செய்யவே கூடாதவை என்று பிரித்திருக்கிறது. வேலையைத் தொடங்கும் முன்பே அட்டை மாதிரியைப் படமெடுத்துக்கொண்டு பரிசோதனை நிலையத்தில் கேட்டேன். என்னுடையது இழந்த மூடிக்கு மாற்று, உடலுக்கு வெளியே எதுவும் நீளவில்லை, கூர் விளிம்பு இல்லை. பத்து வயது தாண்டிய கார் என்பதால் ஆண்டுதோறும் பரிசோதனை உண்டு. இந்த ஆண்டுப் பரிசோதனையில் அடியில் பார்த்தவர் போல்ட்டுகளை ஆட்டிப் பார்த்தார், விளிம்பைத் தடவிப் பார்த்தார், விட்டுவிட்டார். உங்கள் வண்டிக்கு நீங்களும் கேட்டுக்கொள்ளுங்கள். செய்து முடித்துவிட்டுக் கேட்பது தலைவலி.

மறுபடி சிலேத்தார் விரைவுச்சாலை, மறுபடி ஞாயிறு அதிகாலை, அதே 80. மகள் படித்தது 14 மி.மீ. மூடி இல்லாதபோது 9 இருந்ததை நினைத்துக்கொள்ளுங்கள். ஏசியோடு ஓடும்போது கூலன்ட் முன்பு 98-ல் நிற்கும், இப்போது 92. நின்றபடி ஓடவிட்டால் 103 போனது 97-ல் நின்றுகொள்கிறது. கண்டென்சரின் கீழ்ப்பாதிக்கு முன்னால் 46 இருந்தது 35. ஏசி வாயில் வெப்பமானி வைத்தால் 17-க்குப் பதில் 10. விசிறி இப்போது இடையிடையே நிற்கிறது, அந்த அமைதியே எனக்குப் புதிதாக இருந்தது. பெட்ரோல் செலவில் நான் அளக்கக் கூடிய மாற்றம் எதுவும் இல்லை. அதற்காக இதைச் செய்ய வேண்டாம்.

மொத்தச் செலவு, முதல் தகட்டின் தவறையும் சேர்த்து, 210 வெள்ளி. லிஃப்டு வாடகை அதில் அடக்கம். மாமா காசு வாங்கவில்லை. புது ஸ்னிப் ஒன்று வாங்கிக்கொடுத்தேன், அதையும் பெட்டியிலேயே வைத்துவிட்டுப் பழையதைத்தான் பயன்படுத்துகிறார்.

டிசம்பர் விடுமுறையில் அதே நால்வரும் அதே கோயிலுக்குப் போனோம். கடற்பாலத்தில் இம்முறை இரண்டு மணி நேரத்துக்கு மேல். மாமா பின் சீட்டில் தூங்கிவிட்டார். பாதி வழியில் விழித்து, குளிர்கிறது, ஏசியைக் கொஞ்சம் குறை என்றார். மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

சென்ற மாதம் ஆயில் மாற்றம். காக்கி புக்கிட் நண்பரிடம் வேலை செய்யும் சீன அங்கிள் கதவை மட்டும் திறக்காமல், உள்ளே சுத்தம் செய்யலாமென்று தகட்டையே முழுக்கக் கழற்றியிருந்தார். நான் போனபோது அதைத் தரையில் வைத்துக் குனிந்து எதையோ தேடிக்கொண்டிருந்தார். என்ன அங்கிள் என்றேன். உள்பக்க மூலை ஒன்றில் மாமா ஊசியால் கீறியிருந்த இரண்டு தமிழ் எழுத்துகளைக் காட்டினார்: முன். முப்பது வருஷமாக ஒவ்வொரு டக்டிலும் அவர் போடும் அடையாளம், மாட்டுபவன் திசை மாற்றிவிடாமலிருக்க. அது என்ன என்று அங்கிள் கேட்டார், சொன்னேன். “மு...ன்” என்று ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டு, அந்த எழுத்து பம்பர் பக்கம் இருக்கும்படி தகட்டைத் திருப்பி மேலே தூக்கினார்.